நல்லவாடு எச்சரிக்கையும் நான்காம் தரப்பும்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு புதுச்சேரியின் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, ஊர்களில் கணினி வழித் தகவல் மையங்களை அமைக்கும் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஆய்வு நிறுவனம், அரசு, தொழில் நிறுவனங்கள் ஆகிய மூன்றும் பின்னர் கிராம அறிவு மையங்களைப் பரப்ப 'மிஷன் 2007' என்ற பெயரில் கைகோத்ததற்கு இத்திட்டமே முன்மாதிரி என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்து. அவர்கள் எழுத்தில் எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்கள் வெறும் பயனாளிகள். ஆனால் கணினியும் பயிற்சியும் நிறுவனம் தரும், இடமும் மின்சாரமும் தன்னார்வலர்களும் ஊர் தரவேண்டும், அந்த இடத்துக்குத் தலித்துகளும் பெண்களும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதே அன்றைய உடன்பாடு. இதை வைத்துப் பார்த்தால் ஊரும் முதலீடு செய்த நான்காம் தரப்பு.

பூரணாங்குப்பத்துக்கு அருகிலுள்ள நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததைத்தான் முந்தைய ஆய்வுகள் தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றிக்கு முதற்சான்றாக வைக்கின்றன. அந்தச் சான்றை மறுபடி வாசிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் அங்கிருந்த தகவல் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தார்கள் என்பதே அந்நாளையச் செய்திகள் தரும் விவரம். இந்த வரிசையில் இணையம் எங்குமே வரவில்லை. எந்த அரசு அலுவலகமும் எச்சரிக்கை அனுப்பவில்லை. செய்தி வந்தது உறவின் வழியாக. பரவியது ஒலிபெருக்கியின் வழியாக. நிறுவனம் அந்தக் கருவியை வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது நியாயமே, அதன் பங்கை நானும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் அலை உயர முன்னறிவிப்பை வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னது, கணினித் திரை கடலுக்குப் போகிறவர்களை எட்டாது என்பதால்தான். தேவையைக் கருவியாக வடித்தது கடற்கரையின் அனுபவம். அதைவிட முக்கியமானது அந்தப் பூட்டு. பிறருடைய சொத்தாகக் கருதும் அறையை ஆபத்து நேரத்தில் யாரும் அவ்வளவு விரைவில் நினைக்கமாட்டார்கள். இது என் அனுமானம்தான். ஆயினும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரே நிகழ்வை வைத்துப் பொதுவிதி கூறலாமா என்ற ஆட்சேபம் இங்கே வலுவற்றது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகக் காண்போர் நிற்பதும் இதே நிகழ்வின் மேல்தான்.

ஊர் ஒரு தரப்பாக இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு, மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கிராம இணையக் கியோஸ்குகளுக்காக 2001இல் தொடங்கிய சாரி திட்டம் எடுத்துக்காட்டு. அதில் சென்னை ஐஐடி, என்-லாக் நிறுவனம், அரசு நிர்வாகம் மூன்றும் முறையாகவே இணைந்திருந்தன. கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பமும் நம்மிடமே உருவானது. எனினும் கியோஸ்குகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் தனித்தனித் தொழில்முனைவோர். அதிகாரிகள் மாறியபின் அவற்றின் வழி கிடைத்த அரசுச் சான்றிதழ்ச் சேவைகள் தளர்ந்தன, வருமானமும் போதவில்லை, பல கியோஸ்குகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. புதுச்சேரி மையங்களும் வெளி நிதியை நம்பியே இயங்கின என்பதால் அவற்றை நிலைத்த வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2006இல் ஒப்புதல் பெற்ற பொதுச் சேவை மையத் திட்டம் மாநில முகமை, சேவை நிறுவனம், கிராமத் தொழில்முனைவோர் என்ற மூன்று அடுக்குகளை அமைத்தபோது பின்பற்றியது மேலூரின் வழியைத்தான். வில்லியனூர் உடன்பாட்டில் ஊருக்கென இருந்த இடம் அந்த மூன்று அடுக்குகளில் எதிலும் இல்லை.