பனிக்கடியிலிருந்து ஒரு சுருதி

பனிச்சரிவில் புதையுண்டவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் மேலே நிற்பவர்களுக்கு அது பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் தம்மைத் தேடுவோரின் பேச்சொலி கீழே தமக்குக் கேட்டதாக, உயிர் பிழைத்தவர்கள் சிலர் கூறியிருக்கிறார்கள். தலைக்கு மேலே நண்பர்கள் நடமாடுகிறார்கள். தாம் இருக்குமிடத்தை அவர்களுக்கு உணர்த்த வழியில்லை. இதைவிடக் கொடிய நிலை வேறு என்ன இருக்க முடியும்? இந்த நிலையை மாற்றியது, பள்ளிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான்.

பனிச்சரிவு ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களுக்குப் பழைய பகைவன். முதல் உலகப் போரின்போது, 1916 டிசம்பர் 13 அன்று, மார்மலாடா மலையில் ஆஸ்திரியப் படையினர் தங்கியிருந்த குடியிருப்பின் மீது பனி சரிந்து ஒரே நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1951ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் முழுவதும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெகு தொலைவில் உள்ள சங்கதி என்று நாமும் ஒதுக்கிவிட முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் நேர்ந்த பனிச்சரிவுக்குப் பலியான மதராஸ் ரெஜிமென்ட் வீரர் பத்துப் பேரில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பனிச்சறுக்கு ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. காவலர்கள் பராமரிக்கும் பாதைகளை விட்டு விலகி, ஆளரவமற்ற சரிவுகளைத் தேடிச் செல்வோர் பெருகினார்கள். இவர்களில் பனியில் சிக்குவோர் பலரின் காலடியிலேதான் பனிப்பாளம் பிளந்து சரிவு தொடங்குகிறது. பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இது நிகழ்கிறது. பனிச்சறுக்குக்கு மிகவும் சுவையான சாய்வும் அதுவே!

ஓடும்போது நீர் போல் பாய்கின்ற பனி, நின்றவுடன் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாது. தாம் விட்ட மூச்சின் கரியமில வாயுவையே மீண்டும் உள்ளிழுக்க நேர்கிறது. ஸ்விட்சர்லாந்தில் 1981 முதல் 1991 வரை புதையுண்ட 422 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 1994இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 15 நிமிடத்தில் தோண்டியெடுத்தால் நூற்றுக்கு 92 பேர் பிழைக்கலாம். 35 நிமிடம் ஆகிவிட்டால் 30 பேர்தான் என்று அது காட்டியது. அண்மைக்கால ஆய்வுகள் அந்த 15 நிமிடத்தையும் 10 ஆகக் குறைத்துவிட்டன.

பழைய முறைகளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்போர் வரிசையாக நின்று நீண்ட கம்பிகளைப் பனியில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட பரப்பை இருபது பேர் மேலோட்டமாகத் துழாவவே ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். நாயின் மூக்கு இதைவிட விரைவானது; ஆனால் நாய் அடிவாரத்திலிருந்து வந்து சேர வேண்டுமே! பின்னால் இழுபடும்படி ஒரு சிவப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்வதும் உண்டு. கயிற்றின் ஒரு பகுதியாவது மேலே தெரியும் என்பது நம்பிக்கை. பல வேளைகளில் கயிறும் ஆளோடு சேர்ந்தே புதைந்தது.

ஆக, தேட வேண்டியவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழர்களே. கருவியும் அவர்கள் சட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். 1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், கார்னெல் வானூர்தி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் லாட்டன் என்ற பொறியாளர் இப்படி ஒரு கருவியை உருவாக்கினார். 'ஸ்காடி' என்று அதற்குப் பெயர். பனிச்சறுக்கோடு தொடர்புடைய ஒரு நார்வீஜிய தேவதையின் பெயர் அது.

அதன் உட்பொருள் ஒரு கம்பிச்சுருள்தான். சரிவில் இறங்கும்போது எல்லோருடைய கருவியும் வினாடிக்கு 2275 முறை மாறும் காந்தப்புலத்தைப் பரப்பிக்கொண்டிருக்கும். யாரேனும் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியை ஏற்கும் நிலைக்கு மாற்றுவார்கள். புதைந்தவரின் புலம் இவர்கள் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 2275 என்பது நம் காது கேட்கக்கூடிய அதிர்வெண். எனவே அதைப் பெருக்கி நேரே காதொலிப்பானுக்கு அனுப்பினால் போதும், பனிக்கடியில் இருப்பவர் ஒரு சுருதியாகக் கேட்பார்!

இது வானொலி போன்றதல்லவா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த அதிர்வெண்ணுக்கு அலைநீளம் சுமார் 132 கிலோமீட்டர். சில பத்து மீட்டர் தொலைவில் நிகழ்வது அலை பரவுதல் அன்று, வெறும் தூண்டலே. உலர்ந்த பனி இந்தப் புலத்தைச் சற்றும் தடுப்பதில்லை. ஆனால் தூரம் கூடக் கூட அது மிக விரைவாக, தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. இது குறைபாடு போலத் தோன்றினாலும் தேடுவோருக்கு இதுவே பெருந்துணை. 30 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்தால் புலம் ஆயிரம் மடங்காகிறது. உரத்த ஒலியில் சிறு மாற்றத்தைக் காது எளிதில் பிரித்தறியாது. ஆகவே நெருங்க நெருங்க ஒலியளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "கிட்டே போகப் போகச் சத்தத்தைக் குறைக்கணுமா?" என்று சிரித்தார்கள்.

ஐரோப்பாவில் வேறொரு வழி பிறந்தது. ஸ்விஸ் பொறியாளர்கள் 457 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தனர். தூண்டப்படும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு உயரும். இது முன்னதைப் போல் 200 மடங்கு அதிர்வெண். எனவே எட்டும் தூரமும் அதிகம். இதனால் ஒரு விபரீதம் விளைந்தது. அமெரிக்கக் கருவி வைத்திருப்பவர் புதைந்தால் ஸ்விஸ் கருவிக்கு அது கேட்காது! இரண்டு அதிர்வெண்ணிலும் இயங்கும் கருவிகளைச் செய்து சில காலம் ஒப்பேற்றினார்கள். 457க்கு அமெரிக்காவும் முழுமையாக மாறியது 1996இல்தான். இயற்பியல் என்றோ தீர்த்துவிட்ட ஒன்றை, கருவி செய்வோரும் வாங்குவோரும் ஒப்புக்கொள்ள இவ்வளவு ஆண்டுகள் ஆனது எனக்கு வருத்தமாகவே படுகிறது.

1997இல் எண்முறைக் கருவி வந்தது. செவிக்குப் பதில் தூரமும் திசையும் திரையில் தோன்றின. அது காட்டும் திசை நேர்க்கோடு அன்று. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூளைத் தூவினால் வளைகோடுகள் தெரியுமே, அப்படி ஒரு வளைகோட்டில்தான் தேடுபவர் நடந்து போய்ச் சேர்கிறார்.

இன்று இதற்குப் புதிய இடையூறு கைப்பேசி. அதன் மின்சுற்று எழுப்பும் இரைச்சல், மென்மையான அந்தச் சைகையை மூழ்கடிக்கும். நடக்கும்போது கைப்பேசி கருவிக்கு 20 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். தேடும்போது 50 சென்டிமீட்டர்.