பாபிலோனுக்குப் போன கடிதம்

2016 செப்டம்பர். காவிரித் தண்ணீர் பிரச்னையில் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. பஸ்கள் எல்லையோடு நின்றுவிட, ஜனங்கள் பெட்டியும் பையுமாக அத்திப்பள்ளியிலிருந்து இந்தப் பக்கம் ஜூஜுவாடிக்கு நடந்தே வந்தார்கள். 1991 டிசம்பரில் இதைவிட மோசம். வீடு வாசலை அப்படியே போட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கர்நாடகத்தைவிட்டு ஓடிவந்தார்கள்.

அந்த எல்லையில் இருக்கும் ஓசூரே பிழைக்க வந்தவர்களின் ஊர்தான். 1970-களில் சிப்காட் வந்தது. தொடர்ந்து லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வந்தன. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ‘ரெண்டு வருஷம் பார்த்துட்டு ஊருக்கே போயிடுவேன்’ என்று வந்தவர்கள், இங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

இந்த ‘ரெண்டு வருஷம்’ இருக்கிறதே, அது 2,600 வருஷத்துப் பழைய கதை.

கி.மு. 597. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் ஜெருசலேமைப் பிடித்தான். யூதா நாட்டின் இளம் மன்னன் யோயாக்கீனைக் கைது செய்து கொண்டுபோனான். கூடவே யாரையெல்லாம் பொறுக்கி எடுத்தான் தெரியுமா? போர்வீரர்கள், கைவினைஞர்கள், கொல்லர்கள். அதாவது, அந்தக் காலத்து ஃபிட்டரும் வெல்டரும். ஏழைபாழைகளை விட்டுவிட்டுத் தொழில் தெரிந்தவர்களைக் கொண்டுபோனான் என்று எபிரேய வேதமே கணக்குச் சொல்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மறுபடி படையெடுத்து, கோயிலையும் இடித்துத் தரைமட்டமாக்கினான்.

முதல் தடவை பிடித்துப் போகப்பட்டவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அனனியா என்ற தீர்க்கதரிசி ஊரறியச் சொன்னார்: இரண்டே வருஷம், எல்லோரும் திரும்பிவிடுவார்கள். கேட்க எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

எரேமியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, ஜெருசலேமிலிருந்து பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் எழுபது வருஷம் என்றார். அதுவரை மூட்டை கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், போன இடத்திலேயே வீடு போடச் சொன்னார். தோட்டம் வைக்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறைபிடித்துப் போன அந்த எதிரி நகரத்தின் நன்மைக்காகவே பிரார்த்தனை செய்யச் சொன்னார். அந்த ஊர் நன்றாக இருந்தால்தானே நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்பது அவர் வாதம்.

கடிதம் பலித்ததா? களிமண் சாட்சி இருக்கிறது. பாபிலோனில் ஜெர்மானியர்கள் தோண்டி எடுத்த சில பலகைகளில், யூதா மன்னன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அரண்மனையிலிருந்து அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருந்தது. 1939-ல் அதைப் படித்துச் சொன்னார்கள். ‘யூதா ஊர்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு குடியிருப்பைச் சேர்ந்த பலகைகளும் கிடைத்திருக்கின்றன. 2015-ல் ஜெருசலேமில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். குத்தகை, கடன், வரி என்று முழுக்க முழுக்க அன்றாடக் கணக்கு வழக்கு.

கி.மு. 539-ல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். யூதர்கள் ஊர் திரும்பவும் வழி பிறந்தது. ஆனால், பலர் போகவில்லை. அங்கேயே வேர்விட்டவர்களின் சந்ததிதான் பிற்பாடு பாபிலோன் தல்மூதை உருவாக்கியது.

சரி, இதெல்லாம் யூதர்களின் கதை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் கிறிஸ்தவருக்கு இதில் என்ன?

இதே கேள்வியை கி.பி. 144 வாக்கில் ரோமாபுரியில் ஒருவர் கேட்டார். மார்சியோன் என்ற கப்பல் வணிகர். எபிரேய வேதமே நமக்கு வேண்டாம், தூக்கி எறியுங்கள் என்றார். திருச்சபை அவரைத்தான் வெளியே அனுப்பியது. காரணம் உண்டு. புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தைத் திறந்தால் இயேசுவின் வம்ச வரலாறு. அதை மத்தேயு மூன்றாகப் பிரிக்கிறார்: ஆபிரகாமிலிருந்து தாவீது, தாவீதிலிருந்து பாபிலோன் சிறையிருப்பு, அங்கிருந்து கிறிஸ்து. நடுவே நிற்கும் அந்தச் சிறையிருப்பை எடுத்துவிட்டால் கதையே ஓடாது. பேதுருவின் பெயரில் உள்ள முதல் கடிதமும் விசுவாசிகளைப் பரதேசிகள் என்றுதான் விளிக்கிறது. கடிதம் எழுதிய ஊருக்கு அவர் வைத்த பெயர்? பாபிலோன். அது ரோமாபுரிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழும் சங்கீதம் ஒன்று இருக்கிறது. 1978-ல் போனி எம் குழு அதைப் பாடி உலகையே ஆடவைத்தது. அவர்கள் பாடாமல் விட்டது, அதன் கடைசி வரிகளை. எதிரியின் பச்சைக் குழந்தைகளைக் கூட அழிக்கத் துடிக்கும் வெறி அதில் இருக்கிறது. ஊரை இழந்தவனின் ஆத்திரத்தையும் வேதம் மறைக்கவில்லை. அந்தச் சங்கீதமும் எரேமியாவின் கடிதமும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன. எந்தக் குரலைக் காதில் வாங்குவது என்பது படிக்கிறவர் பொறுப்பு. பஸ் எரிந்த இரவில், எல்லையின் இரு பக்கமும் இந்த இரண்டு குரலுக்கும் ஆள் இருந்திருக்கும்.

வேலைக்காக ஓசூர் வந்தவருக்கு எரேமியாவின் கடிதம் எளிதாகப் பொருந்தும். மனை வாங்கலாம், வீடு கட்டலாம். ஆனால், இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருக்கின்றன. 2021-ல் தமிழக அரசு அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில்கூடப் பலருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு இடம் உண்டு, இலங்கைக்கு இல்லை.

எரேமியா சொன்ன எழுபதில் நாற்பது ஓடிவிட்டது. வீடு போடு, தோட்டம் வை என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? உனக்கேது மனை என்றல்லவா சட்டம் கேட்கும்!

அதனால்தான் இந்தப் பழைய எழுத்து கிறிஸ்தவருக்கு இன்றும் வேண்டியிருக்கிறது. சொந்த வீடு, சொந்த சர்ச் என்று செட்டிலாகிவிட்டவரிடம் அது, ‘நீயும் பரதேசிதான், மறந்துடாதே’ என்கிறது. அந்த நினைப்பு இருந்தால், முகாமில் இருப்பவர் அந்நியராகத் தெரியமாட்டார். அடுத்த முறை எல்லையைத் தாண்டி யாராவது நடந்துவந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி, ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வரத் தோன்றும்.