கொடியும் வீரரும்: ஒலிம்பிக் விழாவில் அல்ஜீரியர்

ஒலிம்பிக் விழாவின் முடிவுகளைத் தொகுத்துரைக்கும் ஏடுகளில் வெற்றியாளர் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் ஒரு நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர், நாடு, நேரம் ஆகிய மூன்றையும் படித்துவிட்டு நாம் மேற்செல்கின்றோம். இம்மூன்றனுள் நேரம் கடிகாரத்தால் அளக்கப்படுவது, அதனை மறுப்பாரிலர். நாட்டின் பெயரோ அரசியலால் எழுதப்படுவது. ஆதலின் வரலாற்று மாணவன் அதனை ஆராயாது ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. ஒரு வீரனின் வெற்றி எந்நாட்டுக்கு உரியது? அவன் பிறந்த நாட்டுக்கா, அவன் மார்பில் அணிந்த சின்னத்துக்குரிய நாட்டுக்கா, அன்றி அவனே தனதென்று தெரிந்துகொண்ட நாட்டுக்கா? இவ்வினாவை ஆராய்வதற்கு வட ஆபிரிக்க நாடாகிய அல்ஜீரியாவைப் போலத் தக்க எடுத்துக்காட்டுப் பிறிதொன்று கிடைத்தல் அரிது.

பிரெஞ்சுப் படைகள் அல்ஜீரியாவில் வந்திறங்கியது 1830ஆம் ஆண்டில். அந்நாடு சுதந்திரம் பெற்றது 1962ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாளில். இடைப்பட்ட நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது ஏனைய குடியேற்ற நாடுகளைப் போல ஆளப்படவில்லை. 1848இல் அதன் வடபகுதி பிரான்சின் மூன்று மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டு, பிரெஞ்சு மண்ணின் ஒரு கூறென்றே கொள்ளப்பட்டது. மண் பிரான்சுக்குரியதாயிற்றேயன்றி, அம்மண்ணின் மக்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றாரல்லர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முஸ்லிம் ஒருவர் தம் சமயத்துக்குரிய தனியாள் சட்டத்தைக் கைவிட்டாலன்றி முழுக் குடியுரிமை பெறுதல் இயலாதிருந்தது. வரி செலுத்துதற்கும் போரில் உயிர் விடுதற்கும் பிரெஞ்சுக்காரர். வாக்களித்தற்கு அல்லர் என்னும் நிலையில் அவர் வாழ்ந்தனர்.

இந்நிலையின் விளைவை 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விழாவிற் காணலாம். பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தியா அவ்விழாவிலே தன் பெயராலேயே அணி அனுப்பி, ஹொக்கியில் தங்கப் பதக்கம் பெற்றது. அல்ஜீரியாவைப் போன்று வட ஆபிரிக்க நாடாகிய எகிப்து, பாரந்தூக்கலிலும் மற்போரிலும் தங்கம் வென்றது. அல்ஜீரியாவுக்கோ அணியுமில்லை, பெயருமில்லை. பிரான்சின் ஒரு பகுதி என்று கொள்ளப்பட்ட நாட்டுக்குத் தனிப்பெயர் எதற்கு? ஆயினும் அவ்விழாவின் மரதன் ஓட்டத்தில் முதல்வராக வந்தவர் ஓர் அல்ஜீரியரே.

அவர் பெயர் புகேரா எல் வாஃபி. சகாராப் பாலைவனத்தின் விளிம்பிலே, பிஸ்க்ரா நகரை அடுத்துள்ள ஊலெத் ஜெல்லாலில் 1898இல் பிறந்தவர். பிரெஞ்சுப் படையிற் பணிபுரிந்து, 1924இல் பாரிஸ் விழாவின் மரதனில் ஏழாம் இடம் பெற்றார். பின்னர் ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையில் தொழிலாளியானார். 1928 ஓகஸ்ட் 5இல் நடைபெற்ற ஓட்டத்தில் நெடுநேரம் பின்னே அமைதியாக ஓடிவந்து, இறுதிக் கட்டத்தில் முன்னின்றோரைக் கடந்து, 2 மணி 32 நிமிடம் 57 செக்கனில் முதலிடம் எய்தினார். சிலி நாட்டு மானுவேல் பிளாசா 26 செக்கன் பின்தங்கி இரண்டாம் இடம் பெற்றார். ஏட்டில் எழுதப்பட்ட பெயர் பிரான்சு.

அவ்வெற்றியால் எல் வாஃபி அடைந்த பயன் யாது? அமெரிக்கா சென்று பணத்துக்கு ஓடினார் என்பதற்காக அவர் தொழின்முறை ஓட்டக்காரராகக் கருதப்பட்டு, பொழுதுபோக்கு வீரருக்குரிய போட்டிகளினின்றும் விலக்கப்பட்டார். அதன் பின் அவரைப் பற்றிப் பிரான்சு நினைக்கவில்லை. அவரைத் தன் மகன் என்று உரிமை கொண்டாட அல்ஜீரியாவுக்கு அரசு இல்லை. வறுமையிலே வாழ்ந்து, 1959 ஒக்டோபரில், அல்ஜீரியச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பாரிஸை அடுத்த சென் தெனியில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். எந்நாட்டைச் சார்வது என்று தெரியும் வாய்ப்பு அவருக்கு ஒருபோதும் அளிக்கப்படவில்லை. இதனை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1956 டிசம்பர் 1இல், மெல்போர்ன் நகரில் மற்றுமோர் அல்ஜீரியர் மரதன் ஓட்டத்தில் வென்றார். மேற்கு அல்ஜீரியாவின் லெ தெலாக் என்னும் ஊரில் 1921இல் அலி மிமூன் எனப் பிறந்து, அலான் மிமூன் எனப் புகழ் பெற்றவர் இவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, 1944இல் இத்தாலியின் மொந்தே கசினோப் போர்க்களத்தில் காலிற் படுகாயமுற்றார். அக்காலை வெட்டிவிடல் வேண்டுமோ என்று ஐயுறும் நிலையிலிருந்து மீண்டார். 1948இல் இலண்டனில் 10,000 மீற்றரிலும், 1952இல் ஹெல்சிங்கியில் 5,000, 10,000 மீற்றரிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அம்மூன்று முறையும் அவரை முந்தியவர் செக்கோசிலவாக்கியரான எமில் ஸாட்டோபெக் ஒருவரே. மெல்போர்னில் மிமூன் 2 மணி 25 நிமிடத்தில் ஓடி முடித்து, ஆறாவதாக வந்த ஸாட்டோபெக்கை எல்லைக்கோட்டருகே காத்திருந்து தழுவிக்கொண்டார். பகையின்றிப் போட்டியிடல் என்பதற்கு அது நல்லதோர் இலக்கணம்.

இலண்டன் விழா நம் நாட்டவரும் நினைத்தற்குரியது. சுதந்திரம் பெற்றுச் சில திங்களே கழிந்த நிலையில், டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் இலங்கையின் பெயரால் வெள்ளிப் பதக்கம் பெற்றது அங்கேதான். மிமூன் வென்ற மெல்போர்ன் விழாவிலே யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கைக்காக உயரம் பாய்ந்தார். அவர்கள் தத்தம் நாட்டின் பெயரைத் தாங்கி நின்ற அரங்கிலேயே அல்ஜீரியர் பிறநாட்டின் பெயரைத் தாங்கி நின்றார் என்பதை எண்ணும்பொழுது, சின்னஞ்சிறு நாட்டுக்கும் தனிக்கொடி என்பது எத்துணைப் பெறுமதியுடையது என்பது புலனாகும்.

எனினும், எல் வாஃபிக்கும் மிமூனுக்கும் ஒரு பெரிய வேறுபாடுண்டு. மிமூன் வென்ற நாளில் அல்ஜீரியச் சுதந்திரப் போர் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிரான்சையே தம் தாயகமெனத் தெரிந்து, கத்தோலிக்க சமயத்தையும் தழுவி, 2013இல் மறையும் வரை அந்நாட்டிலேயே பெருமதிப்புடன் வாழ்ந்தார். அவரைக் குறை கூறுவாரும் உளர். ஆயினும் அது அவர் மனமொத்த தெரிவாகும். மெல்போர்ன் வெற்றிக்குப் பின்னர் மறக்கப்பட்டுக் கிடந்த எல் வாஃபியைத் தேடிக் கண்டு, குடியரசுத் தலைவர் அளித்த வரவேற்புக்குத் தம்முடன் அழைத்துச் சென்றவரும் அவரே என்பர். தம் முன்னோரை மறவாதாரை நன்றியற்றவர் எனல் பொருந்தாது.

இதற்கு நேர்மாறான தெரிவைச் செய்தோர் உதைபந்தாட்ட வீரர். 1958 ஏப்பிரலில், உலகக் கிண்ணப் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிய ரஷீத் மெக்லூபி, முஸ்தபா சிற்றூனி முதலிய அல்ஜீரியர் இரகசியமாகப் பிரான்சை விட்டு நீங்கித் தூனிஸ் நகரை அடைந்தனர். பிரான்சின் தேசிய அணியில் இடம்பெறும் வாய்ப்பையும் பெரும் ஊதியத்தையும் துறந்து, தேசிய விடுதலை முன்னணியின் பெயரால் ஓர் அணி அமைத்தனர். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அதனை ஏற்க மறுத்தது. ஆயினும் ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அவ்வணி ஆடிய இடங்கள் பலவற்றில் அல்ஜீரியக் கொடி ஏற்றப்பட்டது. நாடு பிறப்பதற்கு முன்னரே அதன் அணி பிறந்தது.

சுதந்திரத்துக்குப் பின், 1964இல் தோக்கியோ விழாவில் அல்ஜீரியா முதன்முறையாகத் தன் பெயருடன் தோன்றியது. அதன் சார்பிற் போட்டியிட்டவர் ஒரே ஒருவர்: சீருடற்பயிற்சி வீரர் மொகமத் லசாரி. பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால், இரு தங்கப் பதக்கங்கள் அளிக்காத ஒன்றை, அதாவது நாட்டின் பெயரை, இத்தனி மனிதரே முதன்முதலாக ஒலிம்பிக் ஏட்டில் இடம்பெறச் செய்தார்.

பின்வந்த ஆண்டுகளில் வளர்ச்சி மெதுவாகவே நிகழ்ந்தது. 1975இல் அல்ஜியர்ஸ் நகரில் மத்தியதரைக் கடல் நாடுகளின் விளையாட்டு விழா நடைபெற்றபொழுது, உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் அல்ஜீரியா பிரான்சையே எதிர்த்தது. தோல்வி நெருங்கிய வேளையில் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 3-2 என வென்றது. மறு ஆண்டில், நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாபிரிக்காவுடன் நியூசிலாந்து ரக்பி ஆடியமையைக் கண்டித்து, ஏனைய பல ஆபிரிக்க நாடுகளுடன் மொன்றியல் விழாவினின்றும் விலகியது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மொகமத் சாவி, முஸ்தபா மூசா என்னும் குத்துச்சண்டை வீரர் இருவர் வெண்கலப் பதக்கங்கள் பெற்றனர். அவையே சுதந்திர அல்ஜீரியாவின் முதற் பதக்கங்கள்.

முதலாவது தங்கத்தைக் கொணர்ந்தவர் ஒரு பெண். கொன்ஸ்தந்தீன் நகரிற் பிறந்த ஹசீபா பூல்மெர்கா 1991இல் 1,500 மீற்றர் உலகச் சாம்பியனானார். அரைக்காற்சட்டையுடன் ஆடவர் காண ஓடியமைக்காகத் தீவிரவாதிகள் அவரைக் கண்டித்துக் கொலை மிரட்டலும் விடுத்தனர். 1992 சனவரியில் பொதுத் தேர்தல் இடைநிறுத்தப்பட்டதை அடுத்து நாடு உள்நாட்டுப் போரினுட் புகுந்தது. யூன் மாதத்தில் அரசுத் தலைவர் பூதியாபே சுட்டுக் கொல்லப்பட்டார். அயல்நாட்டில் ஒதுங்கிப் பயிற்சி செய்த பூல்மெர்கா, அவ்வாண்டு ஓகஸ்டில் பார்சலோனாவில் 3 நிமிடம் 55.30 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். எல் வாஃபிக்குக் கொடி இல்லை. பூல்மெர்காவுக்குக் கொடி இருந்தும், அதனை ஏந்தும் உரிமையைத் தம் நாட்டவருள்ளேயே ஒரு சாரார் மறுத்தனர். சுதந்திரம் என்பது அந்நியர் அகன்றதும் நிறைவெய்திவிடுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவரைத் தொடர்ந்து நூரெத்தீன் மோர்சேலி 1996இலும், நூரியா பெனீடா மேரா 2000இலும், தவ்பீக் மக்லூபி 2012இலும் அதே 1,500 மீற்றரில் தங்கம் பெற்றனர். 2024 வரை ஓட்டப் போட்டிகளில் அல்ஜீரியா பெற்ற தங்கங்கள் நான்கும் இவ்வொரு தூரத்துக்கே உரியன. குத்துச்சண்டை வீரர் ஹொசீன் சொல்தானி 1996இல் பெற்றதையும், 2024இல் பெற்ற இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஏழு. அவ்வேழில் நான்கு பெண்கள் ஈட்டியவை.

2024ஆம் ஆண்டு விழா பாரிஸ் நகரில் நடைபெற்றது. தொடக்க நாளன்று வீரர்கள் செயின் ஆற்றிற் படகுகளில் ஊர்வலமாகச் சென்றனர். அல்ஜீரியர் தம் படகிலிருந்து ஆற்றில் செந்நிற ரோசா மலர்களை எறிந்தனர். 1961 ஒக்டோபர் 17இல், சுதந்திரம் வேண்டி அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியரைப் பாரிஸ் பொலிசார் தாக்கிக் கொன்றனர். பலர் அதே ஆற்றில் வீசப்பட்டனர். அம்மலர்கள் அவர்களுக்குரிய அஞ்சலி. சில நாட்களில், கைலியா நெமூர் என்னும் பதினேழு வயதுப் பெண் சீருடற்பயிற்சியில் ஏற்றவிறக்கச் சட்டகப் போட்டியில் அல்ஜீரியாவுக்குத் தங்கம் ஈட்டினார். சீருடற்பயிற்சியில் ஆபிரிக்க நாடொன்று பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது. லசாரி தனியராக நின்ற போட்டித் துறையில், அறுபது ஆண்டுகளின் பின் இவ்வெற்றி கிட்டியது. குத்துச்சண்டையில் இமானே கெலிஃப், தம் பெண்மையையே ஐயுற்று எழுந்த பெருஞ் சர்ச்சையினிடையே, மற்றொரு தங்கம் வென்றார்.

நெமூர் பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்சிலேயே. அல்ஜீரியா தந்தைவழியிற் கிடைத்த உறவு. பிரெஞ்சுச் சம்மேளனத்துடன் ஏற்பட்ட பிணக்கின் பின்னர் அவர் அல்ஜீரியாவின் சார்பிற் போட்டியிட முன்வந்தார். 1928இல் அல்ஜீரியாவிற் பிறந்தவர் பிரான்சுக்குத் தங்கம் பெற்றார்; 2024இல் பிரான்சிற் பிறந்தவர் அல்ஜீரியாவுக்குத் தங்கம் பெற்றார். எல் வாஃபி பிறப்பால் அல்ஜீரியர், எனவே அவர் வெற்றி அல்ஜீரியாவினதே என்று வாதிப்போர், அதே அளவுகோலால் நெமூரின் வெற்றியைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். கொடியே அளவுகோல் என்போர், எல் வாஃபியைக் குடியுரிமையும் முழுதாக நல்காத நாட்டுக்கு என்றென்றைக்கும் உரிமையாக்கல் வேண்டும். இரண்டும் நீதியாகத் தோன்றவில்லை.

ஆதலின் பிறப்பையோ கொடியையோ மட்டும் நோக்காது, வீரருக்குத் தெரிவு இருந்ததா என்பதையே வரலாறு முதலில் வினவுதல் வேண்டும். மிமூன் தெரிந்தார், மெக்லூபி வேறு தெரிந்தார், பூல்மெர்கா அச்சுறுத்தலின் நடுவிலும் தெரிந்ததைக் கைவிடவில்லை, நெமூரும் தெரிந்தார். அவர்தம் தெரிவுகளை நாம் மதித்தல் தகும். எல் வாஃபி ஒருவருக்கே அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே உள்ள நாட்டின் பெயரை இனி எவரும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டா. ஆனால் அல்ஜீரிய வீரரின் ஒலிம்பிக் வரலாற்றை 1964இல் தொடங்குவோர், ஊலெத் ஜெல்லாலிலிருந்து வந்த தொழிலாளியை இரண்டாம் முறையும் நாடற்றவராக்குகின்றனர். அவ்வரலாறு 1928இலேயே தொடங்கல் வேண்டும். பதக்கப் பட்டியல் கொடியை மட்டும் எண்ணும். வரலாறு கொடியின்றி ஓடியவரையும் எண்ணுதல் கடன்.