கிள்ளான் பள்ளத்தாக்கில் குறட்டை மருத்துவம்

கோலாலம்பூரின் மூச்சு மருத்துவம் காசநோயில் தொடங்கியது. 1950களில் செராஸில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனையும், அதன்பின் பஹாங் சாலையில் தேசியக் காசநோய் மையமும் எழுந்து, 1961இல் நாடளாவிய காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கிய காலத்தில், நெஞ்சு மருத்துவர் என்றால் இருமலும் சளியும் பார்ப்பவர் என்றே பொருள்பட்டது. குறட்டை வீட்டாரின் கேலிக்குரியதாக இருந்ததேயன்றி நோயாகக் கருதப்படவில்லை.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு பத்து வினாடியோ அதற்கு மேலோ நின்று நின்று மீள்வது 1970களில்தான் 'ஸ்லீப் அப்னியா', அதாவது உறக்க மூச்சுத்தடை, என்ற தனி நோயாக வரையறுக்கப்பட்டது. அன்றைய உறுதியான மருத்துவம் கழுத்தில் துளையிடுவதே. அதைத் தவிர்க்கும் வழியாக, 1981இல் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றைத் தொடர்ந்து அழுத்திச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் 'சிபாப்' முறையை வெளியிட்டார். அதற்கான தொடக்கக்கால முகமூடிகள் ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியே வார்க்கப்பட்டு இரவுதோறும் பசையால் ஒட்டப்பட்டன என்பதை, இன்றைய முகமூடியைக் குறைகூறுவோர் அறிந்திருப்பது நல்லது. அதே 1981இல் அமெரிக்காவில் ஷிரோ ஃபுஜிதா உள்நாக்கையும் மென்னண்ணத்தின் ஓரத்தையும் வெட்டிச் சீரமைக்கும் அறுவையை வெளியிட்டார். அதே பத்தாண்டில் பல் மருத்துவர்கள் கீழ்த்தாடையை முன்தள்ளி நிறுத்தும் பற்கருவியை உருவாக்கினர்.

ஆக, முகமூடிக்கு மாற்று எனப்படும் இவ்வழிகள் முகமூடி தோற்றபின் வந்தவையல்ல, அதன் சமகாலத்தவையே. முகமூடி, அறுவை, பற்கருவி ஆகியவை முறையே நெஞ்சு மருத்துவம், காது-மூக்கு-தொண்டை, பல் மருத்துவம் என்ற மூன்று துறைகளின் வழியாகவே பரவின. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பந்தாயில் 1960களின் பிற்பகுதியில் எழுந்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையானாலும், 1980களில் கிள்ளானில் எழுந்த தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும், இத்துறைகள் தனித்தனியே வளர்ந்தவை. நோயாளியின் காதில் முதலில் விழும் மாற்று வழி, அவர் முதலில் நுழைந்த வாசலைப் பொறுத்து அமைவதற்கு நோயின் தன்மையைவிட இந்தப் பிறப்பு வரலாறே காரணம் எனலாம்.

முகமூடியோடு ஒத்துப்போக முடியாமைக்குச் சிறு காரணங்களே மிகுதி. குளிரூட்டிய அறையில் குழாய் குளிர்ந்து, ஈரப்பதக் கலத்திலிருந்து வரும் ஆவி நீராகி மூக்கில் சொட்டுவதுண்டு. அடர்ந்த மீசையும் முகத்து எண்ணெய்ப் பிசுக்கும் சிலிக்கோன் விளிம்பைப் படியவிடாமல் காற்றைக் கசியவிடுவதுண்டு. வெப்பமூட்டிய குழாயும் மூக்குத்துளையில் மட்டும் பொருந்தும் சிறு முகமூடியும் இவற்றைக் குறைக்க உதவுபவை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதையக்கூடும் என்று பல இலட்சம் சிபாப் கருவிகளை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது எழுந்த அச்சம் வேறு வகை. அது முகமூடிக்குப் பழகியவர்களையும் தயங்கவைத்தது.

பற்கருவி, உறுதியான பற்கள் உள்ள, இலேசான அல்லது நடுத்தர நோயாளிக்குப் பொருந்தும். 2024 டிசம்பரில் டிர்செபடைட் என்ற எடைக்குறைப்பு ஊசிமருந்தை, உடல் பருத்தவர்களின் நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு அமெரிக்கா ஏற்றது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாகக் கண்டறியப்பட்ட மலேசியாவுக்கு இச்செய்தி முக்கியமானது. எனினும் சிறு தாடையால் மூச்சுவழி குறுகியோருக்கு எடைக்குறைப்பு மட்டும் போதாது.

அறுவைக்குப் பின் குறட்டை ஓய்ந்தும் மூச்சு நிற்பது தொடர்ந்தவர்கள் உண்டு. ஆகவே எந்த மாற்றை ஏற்றாலும், மீண்டும் ஓரிரவு உறக்கப் பரிசோதனை செய்து பார்க்கும்வரை முகமூடியைக் கைவிடலாகாது.