யாழ்ப்பாணத்து வெயிலும் வேலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, வற்றாத ஆறு இல்லை, பெருங்காடும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் வாடைக்காற்றோடு வரும் மாரி ஓய்ந்தபின், இடையில் ஒரு சிறுமழை பெய்தாலும், ஏறத்தாழ ஒன்பது திங்கள் அந்நிலம் காய்ந்தே கிடக்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களில் கதிரவன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான். ஆவணியின் முற்பாதியில் மீண்டும் ஒருமுறை வருகிறான். அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சித் தன்னுள்ளே ஒளித்து வைத்துக்கொள்ள, மேலே இருப்பவை மண்ணும் பனையும் வெயிலுமே. இத்தகைய நிலத்தில் மக்கள் நெருக்கமாகக் குடியேறி, நகரங் கண்டு, பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

வெப்பமானி காட்டும் அளவை மட்டும் நோக்குவோர்க்கு யாழ்ப்பாணத்துக் கோடை பெரிதாகத் தோன்றாது. இராசத்தானத்திலும் சிந்துவிலும் 45 பாகையைக் கடக்கும் வெயில், இங்கே பெரும்பாலும் 35 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இராசத்தானத்து வெயில் உலர்ந்தது. வியர்வை தோன்றியவுடன் ஆவியாகி உடலைத் தணிக்கும். யாழ்ப்பாணத்தையோ கடலும் கடனீரேரிகளும் சூழ்ந்துள்ளன. காற்றில் ஈரம் மிகுதி, வியர்வை உலர்வதில்லை, இரவிலும் வெக்கை தணிவதில்லை. இதனையே மக்கள் புழுக்கம் என்றனர். பங்குனியிலும் சித்திரையிலும் வாடை ஓய்ந்துவிடும். சோழகம் இன்னும் எழுந்திராது. இலை அசையாத அந்நாள்களே கொடியவை. சோழகம் எழுந்த பின்னர் வெயில் குறையாவிடினும் உடல் தாங்கிக்கொள்கிறது. ஆகவே இந்நாட்டு மக்கள் தேடியவை இரண்டு: நிழலும், தடைபடாத காற்றும். சிந்து நாட்டு ஐதராபாத்தில் கூரைமேல் காற்றுவாரி அமைத்துக் காற்றை வீட்டினுள்ளே பிடித்து இறக்கினார்கள். யாழ்ப்பாணத்தார் காற்றைப் பிடிக்க முயலவில்லை. அதன் வழியை மறிக்காமல் விட்டார்கள்.

பழைய யாழ்ப்பாண வீட்டை நோக்குவோம். அதன் அறைகள் சிறியவை, இருண்டவை. சிலவற்றுக்கு யன்னலே இல்லை. இதனைக் கண்டு காற்றோட்டம் அறியாத மக்கள் என்று எழுதிய வெளிநாட்டார் உண்டு. அறை என்பது நெல்லும் நகையும் வைப்பதற்கு என்பதை அவர்கள் அறிந்திலர். மனிதர் வாழ்ந்தது திண்ணையிலும் மாலிலும் முற்றத்திலுமே. மால் என்பது நாற்புறமும் அரைச்சுவரோ வெறுந் தூண்களோ உடைய கொட்டில். அதன் மேல் பனையோலைக் கூரை. ஓலை வெயிலை உள்வாங்கி வைத்திருப்பதில்லை. அதன் இடுக்குகளினூடே சூடான காற்று மேலேறிப் போய்விடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேயவேண்டும் என்பதும், தீக்கு அஞ்சவேண்டும் என்பதுமே அதன் குறைகள். குசினியை வீட்டோடு சேர்க்காமல் தனியே வைத்தார்கள். அடுப்பின் சூடு அடுப்போடு நின்றது. வசதி படைத்தோர் கட்டிய நாற்சார் வீட்டிலும் நடுமுற்றமே உயிர்நிலை. அங்கிருந்து வெப்பக்காற்று மேலெழ, தலைவாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கோடையிரவில் வெளிமுற்றத்து மணலிற் பாய் விரித்துப் படுப்பது செல்வர்க்கும் ஏழைக்கும் பொதுவான வழக்கமாயிருந்தது.

எனினும் யாழ்ப்பாணத்தாரின் நுண்ணறிவு வீட்டைவிட வேலியிலேயே மிகுதியாக விளங்குகிறது என்பது எம் கருத்து. ஒரு வளவைச் சுற்றிப் பூவரசு, கிளுவை, முள்முருங்கை ஆகியவற்றின் கதியால்களை நட்டு, அவற்றிடையே கிடுகோ பனையோலையோ மட்டையோ வரிந்து கட்டுவார்கள். கதியால் தழைத்து மரமாகும். வேலி கண்ணை மறைக்கும், காற்றை மறைக்காது. அதன் நிழல் வளவினுள்ளே பாதியும் ஒழுங்கையிற் பாதியும் விழும். இருமருங்கும் வேலி உயர்ந்த ஒழுங்கையில் நண்பகலிலும் குடையின்றி நடக்கலாம். தழையை வெட்டினால் தோட்டத்துக்குப் பசளை. இற்ற ஓலையும் அவ்வாறே பயன்படும். வேலியடைக்கும் பருவத்தில் கதியாலை ஒரு சாண் அப்பால் நட்டு வழக்குமன்றம் சென்றோர் கதையும் குடாநாட்டில் ஏராளம். அந்தச் சாண் நிலத்தால் வாழ்ந்த சட்டத்தரணிகளும் உண்டு. 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையில், மரம் நடுதலும் எல்லை கடந்து படரும் கிளைகளின் பயனும் பற்றிய விதிகள் இடம்பெற்றமை வியப்பன்று.

வேலிக்கு வாயில் படலை. சில வீடுகளில் அதற்கு மேலே சிறுகூரை வேய்ந்து, இருபுறமும் இருக்கத் திண்ணையிட்டு, குடத்தில் நீரும் வைத்தார்கள். இதுவே சங்கடப்படலை. வீட்டுக்குரியவர் தமக்குத் தொடர்பில்லாத வழிப்போக்கனுக்காக நிழலை அமைத்துக் கொடுத்தார். வழிகளிற் சுமைதாங்கியும், கேணியும், மடமும் இதே எண்ணத்தால் எழுந்தவை. பருத்தித்துறையில் தும்பளை செல்லும் வீதியை மூடி நிற்கும் தெருமூடிமடத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர்: மடம் தெருவோரத்தில் இல்லை, தெருவே மடத்தினூடே செல்கிறது. சந்திகளுக்கு நெல்லியடி, வேம்படி, புளியடி, அரசடி என மரத்தின் பெயர் அமைந்ததும் கருதத்தக்கது. அங்கு நின்று இளைப்பாறியோர் இட்ட பெயர்கள் அவை.

1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஐங்கோணக் கோட்டையை எழுப்பினர். குளிர்நாட்டிலிருந்து வந்த அவர்கள் தடித்த சுவரையும் உயர்ந்த ஓட்டுக்கூரையையும் நம்பினர். ஆயினும் கோட்டைக்கு வெளியே பறங்கித் தெருவில் வீடு கட்டியபொழுது, வீட்டின் முன்னே தூண்கள் தாங்கிய நீண்ட விறாந்தை தோன்றியது. தெருவை நோக்கிய அந்த விறாந்தை, திண்ணைக்கு உறவுடையதே. பின்னர் உள்ளூர்ச் செல்வர் கட்டிய கல்வீடுகளில் திண்ணையும் விறாந்தையும் கலந்தன. ஆங்கிலேயர் காலத்தில் 1829 முதல் 1867 வரை குடாநாட்டை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் துரை, தம் வாசத்தலத்தைச் சுற்றி மரங்களை நட்டு வளர்த்தார். பழைய பூங்கா என இன்றும் வழங்கும் அவ்விடத்து முதுமரங்கள், கச்சேரிக்கு மனுக்கொண்டு வந்த பல தலைமுறையினருக்கு நிழலளித்தன.

ஆனால் இந்நிழலும் நீரும் எல்லார்க்கும் கிட்டியன என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுக்கிணற்றில் நீர் அள்ள முடியாது. பிறர் வந்து அள்ளி ஊற்றும் வரை, சித்திரை வெயிலிலும் வெறுங்குடத்தோடு கிணற்றுக்கு அப்பால் காத்து நின்றனர். மடமும் தேநீர்க்கடையும் அவர்களுக்கு மூடியே இருந்தன. வெயிலில் மிகுதியாக உழைத்தோர்க்கே நிழல் மறுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் ஏட்டில் ஏறியபின்னும் போராட்டம் தேவைப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தோடு, கிணற்றையும் தேநீர்க்கடையையும் பற்றிய வழக்கும் சேர்ந்தே நடந்தது.

1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. குடாநாட்டின் நீரைத் தாங்கும் அதே சுண்ணாம்புக்கல் சீமெந்தாகி மேலே வந்தது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. பின்னர் வெளிநாடு சென்றோரின் பணமும் வந்தது. வேலி மதிலாயிற்று, ஓலைக்கூரை அஸ்பெஸ்ரஸ் தகடாயிற்று, சிலர் தட்டைச் சீமெந்துக் கூரையும் இட்டனர். ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவு மிச்சமென்றும், கள்வர் பயம் நீங்குமென்றும் அவர்கள் சொன்னவை பொய்யல்ல. ஆனால் மதில் காற்றை நிறுத்தியது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் கக்கியது. வளவுக்காரருக்கு மின்விசிறி இருந்தது. ஒழுங்கையில் நடந்தவனுக்கு எதுவும் இல்லை.

போர் இம்மாற்றத்தை இடைமறித்தது. 1990 முதல் ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மக்கள் மீண்டும் முற்றத்துக்கும் ஓலைவிசிறிக்கும் வந்தனர். குண்டுவீச்சுக்கு அஞ்சி முற்றத்திற் படுக்கவும் இயலாத இரவுகள் பல. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை பயன்தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதை நினைத்தால் அவ்விழப்பின் அளவு புலப்படும்.

2009இல் போர் முடிந்தபின் எழுந்த வினா, எவ்வகை வீட்டைக் கட்டுவது என்பது. 2012 முதல் இந்திய அரசின் திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,50,000 ரூபாய் வழங்கப்பட்டுப் பெரும்பாலும் உரிமையாளரே நின்று வீட்டைக் கட்டினர். அதன்பின் 2016இல் 65,000 உருக்கு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க அரசு முனைந்தது. வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். விரைவிற் கட்டிமுடிக்கலாம் என்பது அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. மாதிரிவீட்டைப் பார்த்த பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் மக்கட் பிரதிநிதிகளும், இது இந்நாட்டு வெப்பத்துக்கும் காற்றோட்டத்துக்கும் ஒவ்வாதது என்றும், பாதிச் செலவிற் கல்வீடு கட்டலாம் என்றும் வாதாடினர். ஒரு வீட்டின் புழுக்கம் நாடளாவிய அரசியல் விவாதப் பொருளானது இதுவே முதன்முறையாகலாம். எண்ணியவாறு அத்திட்டம் நிறைவேறவில்லை.

இந்தியாவின் அகமதாபாத் நகரம், 2010 மே மாதத்து வெப்ப அலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மிகை மரணங்களைக் கண்டபின், 2013இல் வெப்பத்துக்கெனச் செயற்றிட்டம் ஒன்றை வகுத்தது. எச்சரிக்கை விடுத்தலும், குடிநீர் வழங்குதலும், ஏழைகளின் கூரைக்கு வெள்ளை பூசுதலும் அதன் வழிகளாயின. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களமும் இப்பொழுது கோடையில், மனித உடல் உணரும் வெப்பத்தைக் கணித்து வட மாகாணத்துக்கு எச்சரிக்கை விடுக்கிறது. வெளியில் வேலை செய்வோர் நிழலில் இளைப்பாறவேண்டும், நீர் அருந்தவேண்டும் என்பன அதன் அறிவுரைகள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதிதோறும் எழும் தண்ணீர்ப் பந்தல் இதனை 25 நாள் செய்கிறது. அப்பாற் சென்றால் குளிர்களிக் கடை உண்டு, கையிற் காசுள்ளோர்க்கு.

மீள்குடியேறிய ஊர்களிற் சென்று பார்ப்போர், புதிய கல்வீட்டின் அருகே ஓலைக் கொட்டில் ஒன்று நிற்பதைக் காணலாம். திட்ட வரைபடத்தில் அது இல்லை, கணக்கிலும் இல்லை. நண்பகலில் வீட்டார் அதனுள்ளேதான் இருக்கிறார்கள்.