தொழிற்பேட்டைப் புறநகரில் மனச்சோர்வு: அறிதலும் ஆதரவும்

மனச்சோர்வு நோய்க்கு முதன்மையான அடையாளங்கள் இரண்டு: நாளின் பெரும்பகுதியும் விலகாத துயரம், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போதல். இவற்றில் ஒன்றேனும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, தூக்கம், பசி, கவனம் குலைதல், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவற்றில் பலவும் சேர்ந்து, அன்றாட வேலையும் கெடுமானால் மருத்துவம் அதை நோயாகக் கொள்கிறது. மரபுவழிப் பாங்கு, தைராய்டு குறைபாடு, மகப்பேறு, நீரிழிவு, குடி, கடன், குடும்ப வன்முறை எனக் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மன உறுதி இல்லாததால் வருவது என்ற கருத்துக்கு இதில் இடமில்லை.

நோயின் அளவு பற்றிய எண்கள் கவனித்துப் படிக்க வேண்டியவை. சென்னையில் 25,455 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வைக் கண்டது. வருமானம் குறைந்தோரிடையே அது 19.3 விழுக்காடு. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வோ நாட்டளவில் 2.7 விழுக்காடு என்றது. முன்னது வினாப்பட்டியல் வழியே அறிகுறிகளை அளந்தது. பின்னது நேர்காணல் வழியே நோயை உறுதிசெய்தது. ஆகவே இவ்விரண்டும் முரண்படவில்லை. தேசிய ஆய்வின் மற்றொரு முடிவே கவலைக்குரியது: மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை.

இந்த இடைவெளிக்கு மருத்துவமனையின் தொலைவை மட்டும் காரணம் காட்ட முடியாது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு சென்னை அண்ணா நகர் மேற்கு விரிவிலும், 1993இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு முகப்பேரிலும் உள்ளன. சென்னையின் மேற்கிலுள்ள தொழிற்பேட்டைப் புறநகரான அம்பத்தூருக்கு இரண்டும் அருகில்தான். ஆனால் முன்னது மனச்சிதைவையும் பின்னது மனநோயுடன் தெருவில் கைவிடப்பட்ட பெண்களையும் கருதி எழுந்தது. ஷிப்டுக்குப் போய்க்கொண்டும் சமையலை முடித்துக்கொண்டும் ஒருவர் சுமக்கும் நோய் அப்படி வெளியே தெரிவதில்லை. அது உடலின் முறையீடாகவே வருகிறது. "உடம்பெல்லாம் அசதி, தலை பாரமா இருக்கு, தூக்கமே வரல" என்பவர் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்திலோ ஆவடி, பூந்தமல்லியின் கிளினிக்குகளிலோ வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் வாங்கித் திரும்புகிறார். முறை மாறி வரும் இரவு வேலையும் ஓவர்டைமும் அசதிக்குப் பொருத்தமான விளக்கமாக அமைந்துவிடுவதால் அடுத்த கேள்வி எழுவதில்லை. நோய் தவறவிடப்படும் இடம் இதுவே. திருத்தமும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் ஆர்வம் குறைந்திருக்கிறதா என்ற இரு கேள்விகளைப் பொது மருத்துவரே கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பணியாளரும் கேட்கலாம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவக் கல்வி இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்த பேச்சு சிகிச்சை பலன் தந்ததை 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மிதமான, கடுமையான நிலைகளில் மருந்தும் உதவும். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது நோய் திரும்ப வழிவிடும்.

வீட்டாரின் பங்கு அறிவுரையில் இல்லை. "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்ற சொல் நோயாளியின் குற்றவுணர்வைக் கூட்டும். குறுக்கிடாமல் கேட்பது, மருத்துவரிடம் உடன் செல்வது, மாத்திரையை நினைவூட்டுவது, மாலையில் சிறிது தூரம் சேர்ந்து நடப்பது ஆகியவை பயன் தரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டாது. வருகிறது என்றால் அவரைத் தனியே விடாமல், மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் கைக்கெட்டாமல் அகற்றி, உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

வேலையிடத்தில் சிகிச்சைக்குத் தடையாக நிற்பது கூலி இழப்பு. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர், சந்தா நிபந்தனை நிறைவேறினால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு பெறலாம். நோய் சரியாக அறியப்பட்டுப் பெயரிடப்பட்டால் அந்த உரிமையைக் கோருவது எளிது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்கு இணையாக நடத்தச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கருதி, அவருக்குப் பராமரிப்பு அளிக்கும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பலர் காப்பீட்டுக்கு வெளியே நிற்பதால், சட்டத்தின் பயன் அவர்களைச் சென்றடைய ஆரம்ப சுகாதார நிலையமே முதல் வாயிலாக அமைய வேண்டும்.