இறந்தவர் பெயரில் வந்த பதக்கம்

பதுளையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயில், தெமோதரையில் தன் வாலைத் தானே சுற்றிக்கொண்டு மேலேறி, எல்ல, பண்டாரவளை கடந்து தியத்தலாவையில் நிற்கும். ஒட்ட வெட்டிய தலையும் கனத்த பையுமாக இங்கே இறங்கும் இளைஞர்களைத் தோட்டத்துச் சனங்கள் பார்த்ததுமே கண்டுகொள்வார்கள். ‘ஆமி கேம்ப்’புக்குப் போகிறவர்கள். இலங்கை இராணுவத்தின் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி இந்த மேட்டில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே ஆயிரக்கணக்கில் வந்திறங்கியவர்கள் கையில் ஆயுதம் இல்லை. 1900 ஓகஸ்டில், தென்னாபிரிக்காவில் தங்களோடு போரிட்டுப் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, ரயிலேற்றித் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள். அப்போது தண்டவாளம் பண்டாரவளையோடு முடிந்துவிடும். பதுளைக்கு ரயில் வர 1924 ஆகவேண்டியிருந்தது. முள்வேலிக்குள் அடைபட்டவர்கள் சுமார் 5,000 பேர்.

அவர்கள் தோற்ற அந்தப் போர்தான் பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதின் விதியொன்றை மாற்றிவைத்தது.

விக்டோரியா சிலுவை 1856 ஜனவரி 29ஆம் திகதி உருவானது. கிரிமியப் போரில் ரஷ்யரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தது என்பது அதைப் பற்றிய பிரபலமான கதை. பல பதக்கங்களின் உலோகம் சீனப் பீரங்கிகளோடுதான் ஒத்துப்போகிறது என்று பின்னாளில் சோதித்தவர்கள் சொன்னார்கள். எப்படியோ, பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை, வெறும் வெண்கலம். ஜெனரலுக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே பதக்கம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை.

ஒரு குறை மட்டும் இருந்தது. வீரச்செயல் புரிந்தவர் உயிர் தப்பியிருக்க வேண்டும். களத்திலேயே மாண்டுவிட்டால், ‘உயிரோடு இருந்திருந்தால் சிபார்சு செய்திருப்போம்’ என்று வர்த்தமானியில் ஒரு குறிப்பு வரும், பதக்கம் வராது. போயர் போர் முடிந்த 1902இல்தான், அந்தப் போரில் மாண்ட சிலருக்குச் சிலுவை வழங்கி அந்த வழக்கத்தை உடைத்தார்கள். பிறகு பழைய கணக்குகளும் திறந்தன. 1879இல் சூலு நாட்டின் இசந்த்ல்வானாவில் படைக்கொடியைக் காக்கப் போய் இறந்த மெல்வில், கொக்ஹில் என்ற இரு அதிகாரிகளுக்கு 28 ஆண்டுகள் கழித்து, 1907இல், பதக்கம் போய்ச் சேர்ந்தது.

இலங்கையில் பிறந்த ஒரேயொருவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்ததும் இந்தப் புதிய வழியில்தான். பசில் ஆர்தர் ஹோர்ஸ்ஃபோல், 1887இல் கொழும்பில் பிறந்தவர். முகத்துவாரத்தில் இருந்த சென்ட் தோமஸ் கல்லூரி மாணவர். கொஞ்சக் காலம் இறப்பர் தோட்டத்துரை. பிறகு பொதுவேலைப் பகுதியில் உத்தியோகம். 1918 மார்ச் 27ஆம் திகதி பிரான்சில், தலையில் காயத்தோடு, இழந்த நிலையை இரண்டு தடவை திருப்பிப் பிடித்தார். பின்வாங்கும்படி கட்டளை வந்தபோது கடைசியாகக் கிளம்பியவர் அவர். கிளம்பிய வழியிலேயே விழுந்தார். அவருடைய பெயர் இன்று அராஸ் நினைவுச் சுவரில் இருக்கிறது.

அவரைப்போல மலைநாட்டுத் துரைமாரும் போருக்குப் போனார்கள். ‘இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை’ என்று அவர்களுக்கென்றே ஒரு படை இருந்தது. 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களுமாக எகிப்துக்குக் கப்பலேறி, மறுவருடம் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராக நின்றது இந்தப் படைதான். அதில் சேரக்கூடியவர்கள் ஐரோப்பியர்கள் மட்டும். கொழுந்து பறித்தவர்களுக்கும் கவ்வாத்து வெட்டியவர்களுக்கும் அங்கே இடமில்லை. 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டு, அதே ஆண்டு சுதந்திர இலங்கையின் இராணுவம் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் லயத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கி விட்டிருந்தது. தியத்தலாவையில் புதிய இராணுவம் அணிவகுத்தபோது, சுற்றியிருந்த தோட்டங்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியா 1950 ஜனவரி 26ஆம் திகதி தன் அதியுயர் வீர விருதான பரம் வீர் சக்ராவை அறிமுகப்படுத்தியது. அதை வரைந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய அதிகாரியைக் கைப்பிடித்த சாவித்திரி கானோல்கர். ததீசி முனிவர் தன் எலும்பைக் கொடுக்க, அதில் இந்திரனுக்கு வச்சிராயுதம் செய்த கதையை எடுத்து நான்கு வச்சிரங்களைப் பதக்கத்தில் பொறித்தார். உயிரைக் கொடுத்தவரின் எலும்பே அந்த விருதின் சின்னமாயிற்று. முதல் பதக்கம் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவும் 1947 நவம்பரில் காஷ்மீரில் மாண்டவர்.

அந்தப் பதக்கங்களில் ஒன்று இலங்கை மண்ணில் நடந்த சண்டைக்கு உரியது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் தேடுதலை முடித்துத் திரும்புகையில் விடுதலைப் புலிகள் பதுங்கித் தாக்கினார்கள். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்தினார். சாகும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். விருதுக் குறிப்பு இவ்வளவையும் சொல்கிறது. யாழ்ப்பாணத்தார் அந்த வருடத்தை நினைக்கையில் வேறொரு திகதியும் வரும்: ஒரு மாதத்துக்கு முன்னர், ஒக்டோபர் 21, 22இல், அமைதிகாக்க வந்த அதே இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்ட நாட்கள்.

இலங்கை தனக்கென்று பரம வீர விபூஷண விருதை 1981இல் ஏற்படுத்தியது. முதலில் அதைப் பெற்றவர் காமினி குலரத்ன. மகாவலிக்கு இப்பால் மகியங்கனை, ஊவாவின் எல்லை. அப்பால் கண்டிப் பக்கத்தில் ஹசலக, அவருடைய ஊர். 1991 ஜூலை 14ஆம் திகதி ஆனையிறவு முகாமை நோக்கி விடுதலைப் புலிகளின் கவசமிட்ட புல்டோசர் ஒன்று வந்தபோது, கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறி அதை நிறுத்தினார். அங்கேயே இறந்தார். அந்த முற்றுகையில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்கு, ஏ9 வீதியில் அந்தத் துருப்பிடித்த புல்டோசர் இன்றும் தெரியும்.

ஹோர்ஸ்ஃபோல், பரமேஸ்வரன், குலரத்ன. மூன்று நாடுகளின் மூன்று அதியுயர் விருதுகள். மூன்றையும் வீட்டார்தான் வாங்கினார்கள்.

தியத்தலாவை முள்வேலிக்குள் இருந்த போயர்களில் ஒருவர் போர் முடிந்த பின்னும் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஊர் திரும்ப முடியாமல் இலங்கையிலேயே தங்கிவிட்டார். யால வனத்தின் முதல் காவலரான அந்த எங்கெல்பிரெக்ட்டின் கதை அடுத்த வாரம்.